பெயரில்லாத அடிக்கோடு

வரைபடத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே எழுதியிருந்த வார்த்தைகளை அவள் அழித்தாள். புள்ளிகள் அப்படியே இருந்தன, இடது பக்கம் தாழ்வாகத் தொடங்கி வலது பக்கம் படியேறுவதுபோல். நடுவே அவற்றின் போக்கைக் காட்டும் ரெக்ரஷன் கோடு, கம்பியை நீட்டிச் சாய்த்து வைத்த மாதிரி. எதற்கான புள்ளிகள் என்றுதான் இனி யாருக்கும் தெரியாது.

"வேணாம்டி," என்றாள் அக்கா போனில், ஊரிலிருந்து. "நல்ல பிள்ளையா பாஸ் பண்ணிட்டு வா."

"அவங்க பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?"

அவங்க என்பது அவள் பயிற்சி பெறும் வார்டின் தலைமை நர்ஸ். போன மாதக் கூட்டத்தில் அந்த அம்மாள் இதே போல ஒரு படம் போட்டார். அவளைப் போல வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பயிற்சி மாணவிகள் அதிகம் வேலை பார்த்த வாரங்களில், நோயாளிகள் கீழே விழுந்ததும் அதிகம். "படமே பேசுது, நான் என்னத்தச் சொல்ல?" என்று கையை விரித்தார். மறுநாளிலிருந்து எந்த மாணவியும் நோயாளியின் கையைப் பிடித்து நடத்தக் கூடாது. படுக்கை விரிக்கலாம், பாத்திரம் கழுவலாம். அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஓய்வறைக்குள் அவள் நுழையும்போதெல்லாம், "வந்துட்டா, எல்லாரும் சுவத்தப் பிடிச்சுக்கோங்க!" என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பு வெடிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

புள்ளியியல் வகுப்பில்தான் அவளுக்கு மூச்சு வந்தது. "ரெண்டு விஷயம் சேந்து ஏறுதுன்னா, ஒண்ணு இன்னொண்ண ஏத்துதுன்னு ஆயிடுமா? பின்னாடி நின்னு ரெண்டையும் ஒருத்தன் தள்ளலாம்ல?" என்றார் வாத்தியார். அக்காவிடம் சொன்னபோது அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "நான் போன் பண்ணும்போதெல்லாம் நீ அழுவுற. அப்ப நான் அழ வைக்கலையா?"

"ரெண்டுக்கும் காரணம் ஞாயித்துக்கிழமைதான்க்கா. அன்னிக்குத்தான் நான் தனியா இருக்க வேண்டியிருக்கு. உனக்கும் அன்னிக்குத்தான் லீவு."

வார்டில் பின்னாலிருந்து தள்ளியவன் யார் என்று அவளே கண்டுபிடித்தாள். அறுவை சிகிச்சை முடிந்து கால் தள்ளாடும் நோயாளிகள் குவிந்த வாரங்களில்தான் மாணவிகளையும் கூடுதலாக அழைப்பார்கள். அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஏறும் கோடு தரையோடு படுத்துவிடும். அவள் பெயரைக் காப்பாற்ற அந்த ஒரு படம் போதும். ஆனால் எண்களைத் துழாவும்போது இன்னொன்றும் கையில் அகப்பட்டது. தலைமை நர்ஸ் வார்டில் இருந்த நேரம் கூடக் கூட, விழுந்தவர்களும் கூடினார்கள். மாணவிகளுடைய கோரிலேஷனைவிட, சேர்ந்தேறும் அந்தத் தொடர்பைவிட, இது பெரிது.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. நோயாளிகள் குவியும் வாரங்களில் அந்த அம்மாள் வீட்டுக்கே போவதில்லை. ஒருமுறை சாமான் அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வீங்கிய கணுக்காலை நீவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததை ஒதுக்கி வைத்தாள்.

புள்ளியியல் பாடத்தின் கடைசி நாள், மாணவிகள் படம் போட்டு விளக்குவதைக் கேட்டு மதிப்பெண் போட வந்தவர்களில் தலைமை நர்ஸும் முன்வரிசையில் இருந்தார். அவள் விளக்கை அணைத்து, திரையில் முதல் படத்தைப் போட்டாள்.

"ஒரு விஷயத்துக்கும் நோயாளிங்க விழறதுக்கும் உள்ள தொடர்பு. என்ன விஷயம்னு அப்புறம் சொல்றேன். மேடம், உங்களுக்கு என்ன தோணுது?"

தலைமை நர்ஸ் கண்ணாடியை மாட்டினார். "என்ன தோணும்? அது ஏற ஏற ஜனங்க விழறாங்க. எதுவா இருந்தாலும் மொதல்ல அத வார்ட விட்டு வெளிய அனுப்பணும்."

"நிச்சயமாவா மேடம்?"

"இதுல என்னம்மா சந்தேகம்? படமே பேசுதே."

அவள் பொத்தானை அழுத்தினாள். அடிக்கோட்டின் கீழே எழுத்துகள் வந்து உட்கார்ந்தன: தலைமை நர்ஸ் வார்டில் இருந்த மணி நேரம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "எல்லாரும் சுவத்தப் பிடிச்சுக்கோங்கப்பா!"

அறை அதிர்ந்தது. இந்தச் சிரிப்பைத்தான் அவள் எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். வயிறு குளிர்ந்தது.

தலைமை நர்ஸ் கோபப்படவில்லை. எழுந்து, கண் சரியாகத் தெரியாதவர் போலத் திரைக்கு அருகே நடந்தார்.

"அந்த வாரமெல்லாம் நான் வீட்டுக்கே போகலையேம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும் மேடம்."

"அடுத்த படம் இருக்காம்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

இருந்தது. நோயாளிகளின் பாரத்தையும் கணக்கில் சேர்த்ததில் மாணவிகளின் கோடு, தலைமை நர்ஸின் கோடு இரண்டும் படுத்துக் கிடக்கும் படம். அவளையும் அந்த அம்மாளையும் ஒரே அழுத்தில் விடுவிக்கும் படம். அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"இருக்கு சார்," என்றாள். அழுத்தவில்லை.

திரைக்கு முன்னால் நின்ற தலைமை நர்ஸின் வெள்ளைச் சட்டையில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. கோடு அவர் இடுப்பில் தொடங்கி, முதுகில் ஏறி, தோளைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.