நிலைக்காலைத் தொட்ட கை

...மூக்கு, இந்தப் பாழாய்ப்போன மூக்கு, அதுதான் என் தலையெழுத்து, இந்த மூக்கையும் கறுத்த சுருட்டை முடியையும் வைத்துக்கொண்டு யூதர்களை அடைத்துவைத்திருக்கும் இந்தக் கெட்டோ வேலியைத் தாண்டிப் பத்தடி போக முடியாது, யூதச்சி என்று ஜெர்மன்காரன் பிடித்துச் சுட்டுவிடுவான், கூட இருக்கிற பெய்லாவுக்கோ கோதுமை நிறத் தலை, நீலக் கண், அதனால் அவள் வெளியே ஹலினா என்ற போலிஷ்காரி, கழுத்தில் சிலுவை, கையில் போலி அடையாளச் சீட்டு, பியாலிஸ்டாக் ஸ்டேஷனிலிருந்து வார்சாவுக்கு ரயில்... போன தடவை ரொட்டிக்குள் துப்பாக்கி வைத்துக் கொண்டுவந்தாள், ஜெர்மன்காரனே பெட்டியைத் தூக்கி வைத்தானாம், ஜெர்மன்காரனை எதிர்க்க ரகசியமாய்க் கூடும் நம் ஆட்கள் வாயில் வாரம் முழுக்க அதே பேச்சு. அவளுக்குச் சர்ச் ஜெபம் மனப்பாடம் செய்வித்தது யார்? கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்காதே, பெருமூச்சு விடாதே, அதெல்லாம் யூதச் சாடை, காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது யார்? என் பேரை எவனாவது சொன்னானா? வயிறு எரிகிறது, ஆமாம், எரியத்தான் எரிகிறது.

"என்னடி முறைக்கிற, மூஞ்சில கரியா?" என்று பெய்லா சிரிக்கிறாள். "உன் மூஞ்சிக்கென்ன மகாராணி, கெளம்பு, வேலைக்குப் போற கூட்டம் கேட்டுக்குப் போயிருச்சு, அதோட கலந்துதான வெளிய போகணும்" என்றேன். கிளம்பினாள், வாசலைத் தாண்டும்போது வலது கை தானாக எழுந்தது, யூத வீடுகளில் எல்லாம் நிலைக்காலில் அடித்திருக்கும் வேதச் சீட்டுக் குழலைத் தொட்டு, விரல் உதட்டுக்கு வந்தது... கடவுளாவது மண்ணாவது என்று கூட்டத்தில் கத்துகிறவள்! தாய்ப்பாலோடு வந்த பழக்கம், அவளுக்கே தெரியவில்லை. நாளைக்கு ஒரு போலிஷ்காரன் வீட்டு நிலையில் குழல் இருக்காது, கை மட்டும் போகும், பார்க்கிறவனுக்கு அது போதும், அத்தோடு பெய்லா முடிந்தாள்... சொல், ஹிண்டா, வாயைத் திற. திரும்பி வராவிட்டால் அந்தப் பேச்சும் நின்றுபோகும்... ஐயோ, என்ன நினைப்பு இது, நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது, மூன்று படி, நான்கு, ஆறு படி இறங்கிவிட்டாள்...

"பெய்லா! கை! கைய கோட்டுப் பையில போடுடி! வாசலக் கண்டா தொட்டு முத்தம் குடுக்குற, சனியனே!"

முகம் வெளுத்து மேலே ஓடிவந்தாள், கட்டிக்கொண்டாள், "நல்லவேளை, பாத்த ஒடனே சொன்ன, நீ இல்லாட்டி நான் செத்தேன்டி" என்று கன்னத்தில் முத்தமிட்டுப் போய்விட்டாள். உடனேயாம்... சொன்னேன் அல்லவா, கடைசியில் சொல்லிவிட்டேன் அல்லவா, பிறகென்ன? இது அவளுக்கு மூன்றாவது பயணம், முதல் இரண்டு தடவையும் இதே வாசல்தான், வழியனுப்ப நான் இதே இடத்தில்தான் நின்றேன், அப்போதும் அந்தக் கை எழுந்திருக்குமே... நான் பார்க்கவில்லையா? பார்த்தேனா?