இரண்டு கழுத்துள்ள மழைக்கோட்டு

அந்த மழைக்கோட்டுக்கு இரண்டு கழுத்து. முன்னால் ஒன்று, அதற்கு ஒரு முழம் பின்னால் இன்னொன்று. கும்மிடிப்பூண்டியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அரசப்பன், தணிகைவேலையும் மொஹசினையும் பைக்மேல் உட்காரவைத்து அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. அளவெடுக்கும்போதே அவருக்குச் சிரிப்பு. ரெண்டு பேருக்கும் சண்டை வந்தால் இதை எப்படிக் கழற்றுவீர்கள் என்று கேட்டார்.

சண்டை வரவில்லை. அதுதான் தணிகைவேலுக்கு இப்போது கஷ்டமாக இருந்தது. வந்திருந்தால் யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இருவரும் புதுவாயல் பக்கத்து ஆரணியில் அடுத்தடுத்த தெரு. சிப்காட்டில் ஒரே இரும்பு உருட்டாலை. தணிகைவேல் உலைப் பக்கம், மொஹசின் சரக்கு ஏற்றுமிடம். ஷிஃப்டும் ஒன்று என்பதால் தணிகைவேலின் வண்டியிலேயே வருஷக்கணக்கில் போய்வந்தார்கள். ஐப்பசி பிறந்தால் ஒரே கோட்டிலிருந்து இரண்டு தலைகள் நீட்டிக்கொண்டிருக்க, புதுவாயலைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறுவார்கள். ஆலை வாட்ச்மேன் சாலமோன் தூரத்திலேயே கேட்டைத் திறந்துவிட்டு, "ரெண்டு தல மண்ணுளிப் பாம்பு வருது, வழி உடுங்கபா" என்பார்.

வழியில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினாலும் காற்றில் பாதிதான் கேட்கும். ஆனால் கன்டெய்னர் லாரி ஒட்டி வந்தால் மொஹசினின் முழங்கால் இறுகும். பிரேக் பிடித்தால் அவன் தாடை தணிகைவேலின் தோளில் இடிக்கும். அம்மா போனபிறகு, தமக்கை திருவாலங்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு, தணிகைவேலின் வீட்டில் பேச்சே கிடையாது. அங்கே இருந்ததும் மௌனம், வண்டியில் இருந்ததும் மௌனம். இரண்டும் வேறு என்பது பின்சீட் காலியானபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

போன ஆனியில் மொஹசினுக்கு நிக்காஹ். பெண் ஹுமைரா பொன்னேரிக்காரி. அவள் அம்மா உடம்பு முடியாமல் தனியாக இருந்ததால் மொஹசின் அங்கேயே குடிபோனான். புது வண்டி வாங்கினான். தச்சூர் கூட்டுரோடு வழியாக வேலைக்கு வரத் தொடங்கினான். போகும்போது, மாமிக்கு உடம்பு தேறியதும் ஆரணிக்கே வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தான். மழை தொடங்குமுன் ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்து கொடுத்தான். பேன்ட்டும் சட்டையுமாக ஒரு ஆள் போடுகிற ரெயின்கோட்டு.

தணிகைவேல் அதைப் பிரிக்காமல் கட்டிலடியில் தள்ளிவைத்தான். தார்ப்பாய்க் கோட்டு இன்னும் கிழியவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளுக்குள் இருந்த கணக்கு வேறு. புதுசை எடுத்துப் போட்டுக்கொண்ட அன்றைக்கு, மொஹசின் திரும்பி வரமாட்டான் என்பதற்குத் தானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும்.

ஆகவே பின்கழுத்தைச் சணல் கயிற்றால் கட்டினான். பின்பக்கத் துணியைச் சுருட்டித் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தான். அது வழுவி வழுவி வெளியே வந்தது. உள்ளே ஆள் இல்லாத இடத்தில் காற்று போய் உட்கார்ந்துகொண்டு கோட்டை உப்பவைத்தது. மொஹசின் இரண்டு முறை எச்சரித்தான், அது காற்றை வாங்குகிறது, ஒரு நாள் ஆளைத் தூக்கிவிடும் என்று. தணிகைவேல் தலையாட்டினான். சாலமோன் முதல் மழையன்று "இன்னாபா, இன்னொரு தல எங்க?" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினான்.

கார்த்திகையில் ஒரு காலை. ஆரணியாறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தணிகைவேல் புதுவாயல் தாண்டி, கவரப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் போகும்போது ஒரு கன்டெய்னர் லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு முந்தியது. சணல் முடிச்சு அவிழ்ந்தது. பின்கழுத்து வழியாகக் காற்று புகுந்து கோட்டு பந்துபோல உப்பியது. தொடைக்கடியிலிருந்த துணி பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தில் மாட்டியது. யாரோ கழுத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது போலிருந்தது அவனுக்கு. பிரேக்கை அழுத்தினான். வண்டி ஓரத்துச் சேற்றில் வழுக்கிச் சாய்ந்தது.

அடி பெரிதாக இல்லை. முழங்கை எரிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. துணி சக்கரத்தின் நடுவே முறுக்கிச் சுற்றிக்கொண்டு அவனை வண்டியோடு கட்டிப்போட்டிருந்தது. தலை வழியாகக் கழற்றலாம் என்றால், முன்கழுத்துக்குத் தாடைக்கடியில் போட்ட நாடா முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கறுப்புக் கோட்டு, நீலக் கோட்டு, தலையில் பிளாஸ்டிக் பை. யாருக்கும் முகம் இல்லை. அப்போது பெட்ரோல் டாங்கின்மேல் சிவப்புத் துணி உறை போட்ட வண்டி ஒன்று வந்தது. ஹுமைரா தைத்துப் போட்ட உறை. மொஹசின் குனிந்து, கண்ணை இடுக்கி, முன்சக்கரத்துக்கு எதிரே இருக்கும் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். தணிகைவேல் கையைத் தூக்கினான். கூப்பிட வாயைத் திறந்தான். கூப்பிடவில்லை. சிவப்பு உறை மழைக்குள் போய் மறைந்தது.

தூக்கிய கையை இறக்க அவனுக்குச் சற்று நேரமானது. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தான். வரவில்லை. தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிர்மழையில் வருகிறவனுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அது தணிகைவேலுக்கே தெரிந்ததுதான்.

சாவி வண்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். இரண்டு கழுத்துகளுக்கும் நடுவில் அரசப்பன் இரட்டைத் தையல் போட்டிருந்தார். லாரிச் சரக்கைக் காப்பாற்றுகிற தையல். லேசில் விடவில்லை. கையைப் பின்னால் வளைத்துக் குத்தினான், நெம்பினான், இழுத்தான். ஒரு நூல் போனது. பிறகு இன்னொன்று. கடைசியில் நீளமாக ஒரு சத்தத்தோடு துணி பிரிந்து, அவன் முன்பக்கமாகக் கைகளை ஊன்றி விழுந்தான்.

சக்கரத்தில் சுற்றியதைப் பிய்க்க முடிந்தவரை பிய்த்துவிட்டு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் தொடங்கியிருந்தது. உடம்பில் முன்பாதிக் கோட்டுதான் மிஞ்சியிருந்தது. சாலமோன் அவனை மேலும் கீழும் பார்த்தார். போய்க் கேட்டைத் திறந்தார்.

வேலை முடிந்து வண்டி ஸ்டாண்டுக்கு வந்தான். மொஹசின் தணிகைவேலின் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தில் சிக்கியிருந்த நூல்களை கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"கவரப்பேட்டைக்கு இந்தாண்ட காலைல ஒருத்தரு உழுந்து கெடந்தாருன்னாங்க. நீதானாணா?"

"வழுக்கினு போச்சுபா. ஒண்ணும் ஆவல."

"நா அந்த நேரத்துலதான வந்தேன். நீ என்னப் பாக்கலியா?"

தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதையே பார்த்தான்.

"இல்ல," என்றான்.

மொஹசின் இன்னொரு நூலை உருவினான். நீளமாக வந்தது. விரலில் சுற்றிக்கொண்டான். பேச்சு முடிந்துவிட்டது என்று தணிகைவேல் நினைத்தபோது மறுபடி ஆரம்பித்தான்.

"முன்னால உக்காந்தா மழ இப்பிடி அடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுணா. கண்ணுல ஊசி மாரி குத்துது. இத்தினி வருசம் எல்லாத்தயும் நீ வாங்கிக்கினு இருந்திருக்க. ஒரு வார்த்த சொல்லல."

"நீ பின்னால இருந்த. முதுவு குளிரல எனக்கு."

மொஹசின் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். மாமியின் வீட்டில் மேலே ஒரு அறை கட்டுகிறார்களாம். பொன்னேரியிலேயே இருந்துவிடலாம் என்று முடிவாகிவிட்டதாம். இதைச் சொல்ல ஒரு வாரமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவன் குரலில் தெரிந்தது. நல்லது என்றான் தணிகைவேல். உண்மையாகவே நல்லதுதான் என்றும் பட்டது.

"நா குடுத்தத எடுத்து போட்டுக்கோணா," என்றான் மொஹசின். "உன் அளவுதான்."

இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். புதுவாயல் வரை மொஹசின் முன்னால் போகாமல் பக்கத்திலேயே வந்தான். ஆரணி ரோடு பிரியுமிடத்தில் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போனான்.

மறுநாளும் மழை. தணிகைவேல் கட்டிலடியிலிருந்து பொட்டலத்தை இழுத்துப் பிரித்தான். புது ரப்பர் வாசனை வந்தது. பேன்ட்டின் கால்மடிப்பில் பட்டி, மணிக்கட்டில் எலாஸ்டிக், கழுத்தில் மேல்வரை ஏறுகிற ஜிப். உலையில் இரும்பைப் பார்க்கிற கவனத்தோடு ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டான். பாதிக்கோட்டை மடித்துப் பின்சீட்டின்மேல் போட்டுக் கயிற்றால் கட்டினான். சீட் நனையாமல் இருக்கட்டும்.

ஆற்றுப்பாலத்தின் மேல் காற்று வலுத்தது. கோட்டு உப்பவில்லை, படபடக்கவில்லை. பின்னாலிருந்து எதுவும் இழுக்கவில்லை. கழுத்தில், முதுகில், கணுக்காலில் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று வழியெல்லாம் கவனித்துக்கொண்டே போனான். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவ்வளவு கச்சிதமாக, ஒரே ஓர் ஆளுக்கென்று தைத்திருந்தார்கள்.