சித்தி பாடாத பாட்டு

கைப்பேசியை அப்பாவின் காதருகே பிடித்திருந்தாள் மகள். பாட்டு இரண்டு வரி போவதற்குள் அவர் கையை அசைத்துவிட்டார். காலையிலிருந்து இது நான்காவது முறை.

"இது இல்ல," என்றார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று வந்தது. "சித்தி பாடினது போடு."

அது படகுப் பாட்டு. அறுபதுகளில் வந்தது, அப்பா அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கேட்டது. சித்தி அதைப் பாடியதே இல்லை. பாடாத பாட்டை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வீட்டுக்கு வந்த நர்ஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேலை முடிந்ததும் மகளைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, சாயங்காலம்வரை தாங்கினாலே பெரிது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்னதான் இருந்தாலும் கடைசி நேரம். மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

எந்தம்மா என்று மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நர்ஸ் அதற்கும் தனக்குத் தோன்றிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நோயாளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சித்தி என்றால் ஒரு பாடகி. அவ்வளவுதான். அப்பா அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில், ரேடியோவில் அந்தக் குரல் வந்தால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடுமாம். "உங்களுக்கு என்னை எதுக்குக் கட்டி வச்சாங்க?" என்று அம்மா கேட்பாளாம். பிள்ளைகள் பிறந்த பிறகு அது வீட்டு வேடிக்கையாகிவிட்டது. ரேடியோ பாடினால், "உங்க சித்தி வந்துட்டாடி, அப்பாவைக் கூப்பிடு," என்பாள் அம்மா. மகளும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் போய் எங்களுக்கு ஒரு சித்தி இருக்கிறாள், நன்றாகப் பாடுவாள் என்று சொல்லி, அம்மாவை டீச்சர் கூப்பிட்டு விசாரித்த கதையும் உண்டு.

அப்பாவுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அவருக்குப் பிடித்த பாட்டெல்லாம் அறுபதுகளில் வந்தவை, பிடித்த குரலோ எண்பதுகளில் வந்தது. இரண்டையும் அவரே மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்கி கம்பிக்கு கிரீஸ் போடும்போது, இந்தப் பாட்டை அவங்க பாடினால் எப்படி இருக்கும் என்று தன் கட்டைக் குரலில் பாடிப் பார்ப்பாராம். குழிக்குள் எந்தக் குரலும் நன்றாகத்தான் கேட்கும். எட்டாவது மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்ததாக அவரே பெருமையாகச் சொல்வார்.

கம்பெனியின் பழைய பராமரிப்புப் புத்தகம் ஒன்றில் அதையெல்லாம் எழுதியும் வைத்திருந்தார். பாகம் என்ற கட்டத்தில் பாட்டு. குறிப்பு என்ற கட்டத்தில், அவங்க எந்த இடத்தில் மூச்சு எடுப்பாங்க என்பது. கடைசிக் கட்டத்தில் 'சரி' அல்லது 'ஆகாது', பக்கத்தில் கையெழுத்து. இருநூறு பாட்டுக்குமேல் இருக்கும். படகுப் பாட்டுக்கு மட்டும் கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தது. ஏன் என்று கேட்டால், "மத்ததெல்லாம் காதுலயே ஓடிடுது. இது ஓட மாட்டேங்குது. ஓட்டிப் பார்க்காம கையெழுத்துப் போடக் கூடாது," என்பார்.

இந்த ஒரு வாரமாக நினைவு கலங்கியதில், அவங்க அதைப் பாடிவிட்டதாகவே அவருக்குத் தோன்றிவிட்டது. வீட்டில் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறவர்போல மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்பா அவளிடம் கேட்ட ஒரே பொருள் இது, அதுவும் உலகத்தில் இல்லாத பொருள்.

தம்பி வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ரயிலில் வந்துகொண்டிருந்தான், வந்து சேர இருட்டிவிடும். விஷயத்தைக் கேட்டதும், ஒரு மணி நேரம் கொடு என்றான். அதற்குள்ளேயே அனுப்பிவிட்டான். சித்தியின் குரலிலேயே படகுப் பாட்டு, கம்ப்யூட்டர் செய்தது. மகள் சமையலறை ஓரத்தில் நின்று கேட்டாள். அச்சு அசல் அதே குரல். சாகக் கிடக்கிற அப்பாவின் காதில் பூச்சுற்றுவதா என்று தம்பியிடம் கேட்டாள். அவர் கேட்டதைத்தானே கொடுக்கிறோம் என்றான் அவன். வாதாட நேரம் இல்லை.

போட்டாள்.

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தம்பி கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது அடி வந்தது. 'அக்கரை' என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் வலது கையின் ஆட்காட்டி விரலை உயர்த்தினார், இதோ வருகிறது என்பதுபோல. குரல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு அக்கரையைத் தாண்டிப் போனது. விரல் அப்படியே நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"மூச்சு எங்க?" என்றார். "யாரு இது?"

மகள் பாட்டை நிறுத்தினாள். திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல வெட்கமாக இருந்தது. குழாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

"நகருடி," என்றாள் அம்மா.

எப்போது வந்து நின்றாளோ. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டுவலிக்கு ஒருதரம் முனகினாள். பிறகு பாடினாள். அம்மா பாடி மகள் கேட்டதே இல்லை. நாற்பத்தைந்து வருஷம் சக்களத்தி என்று கேலி செய்தவள், அந்தப் பாட்டின் ஒவ்வொரு வளைவையும் தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்து வைத்திருந்தாளே தவிர, குரல் எண்ணெய் காணாத கீல் மாதிரிதான் இருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் கீழேயே நின்றாள். அப்பா கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடியில் விரலை உயர்த்தினார்.

அம்மா நிறுத்தினாள். நன்றாகக் கேட்கும்படி மூச்சை இழுத்தாள். பிறகுதான் அக்கரைக்குப் போனாள்.

விரல் இறங்கியது.

"சரி," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலு மணிக்கு மூச்சு அடங்கியது. அம்மாவின் கை அவர் கைமேல்தான் இருந்தது. மகள் தம்பிக்குச் சொன்னாள், ரயில் இரைச்சலில் அவன் அழுவது விட்டு விட்டுக் கேட்டது. அலமாரியைத் திறந்து அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பேனா கேட்டாள். படகுப் பாட்டின் பக்கத்தைத் தேடி, காலிக் கட்டத்தில் 'சரி' என்று எழுதினாள். கையெழுத்து யார் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன்னுடையதையே போட்டாள்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஆக்ஸிஜன் கருவியை நிறுத்திவிட்டு, குழாயைக் கழற்றி, அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். கிளம்பும்போது மகளின் காதோரம், "அவங்க வந்தாங்களா?" என்று கேட்டாள்.

மகள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலோரத்திலிருந்து அம்மா சொன்னாள்.

"வந்தா. ரெண்டு அடி பாடினா. போயிட்டா."

நர்ஸ் தலையை ஆட்டினாள். வாசலில் கிடந்த செருப்புகளை ஒருதரம் பார்த்துவிட்டு, தன்னுடையதை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.