சேவல் எழுத்தில் ஒரு பெயர்

சோர்னித்சா அந்த எழுத்துருவைப் பொம்மலாட்ட அரங்கின் சுவரொட்டிகளுக்காக வரைந்தாள். 'சேவல்' என்று பெயர் வைத்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் பருத்த வயிறு, மெலிந்த கால். எங்கள் பல்கேரிய மொழியின் 'ஜ' (Ж) இயல்பிலேயே நடுக்கோட்டுக்கு இருபுறமும் கைகால் விரித்து நிற்கும். அவள் அதைச் சிறகடிக்க வைத்துவிட்டாள். பெரிதாக அச்சிட்டால் தெரு முழுக்கத் தெரியும். சிறிதாக்கினால் வெறும் மைத்திட்டு. பிளோவ்திவ் நகரில் அது தயிர்க் குவளையிலும் ஏறியது, பல் மருத்துவர் பலகையிலும் ஏறியது. அந்தப் பலகையைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அச்சகம் என்னுடையது. அதன் மாடி அறை அவளுடையது. நவம்பரில் ஒரு காலை ராய்னா வந்தார். அவர் கணவர் போஜிதார் அந்த அரங்கில் ஆயுள் முழுக்கப் பொம்மை ஆட்டியவர். முந்தின நாள் இறந்துபோனார். கதவுகளில் ஒட்ட இரங்கல் தாள் வேண்டும்.

"பேரைச் சேவல்ல போடுங்க."

சோர்னித்சாவைக் கூப்பிட்டேன்.

"அத்தை, அது சிரிக்கிற எழுத்து. சாவுக்குப் போய்..."

"அவரு மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா இருந்தாரு? பல் டாக்டருக்குக் குடுத்தே, எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்க மாட்டியா?"

அவள் 'ஜ'வின் சிறகுகளை மடக்கி ஒரு மாதிரி எடுத்து வந்தாள். ராய்னா உற்றுப் பார்த்தார்.

"இது யாரு? மழையில நனைஞ்ச கோழியா? விரிச்சு விடுடி."

சோர்னித்சா சிரித்தாள், கண் கலங்கியது. விரித்துவிட்டாள். பெயர் மட்டும் சேவலில், மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில் பொடியாக.

மாலையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு போஜிதாரின் தம்பி மெத்தோதி வந்தார்.

"எங்கண்ணன் செத்துட்டாரா, இல்ல ஊருக்கு சர்க்கஸ் வந்திருக்கா?"

"உங்க அண்ணி கேட்டாங்க" என்றேன்.

"அவங்ககிட்ட யாரு பேசறது! எனக்குத் தனியா போடு. கறுப்புக் கட்டம், சிலுவை, ஒழுங்கான எழுத்து."

ஒரே சாவுக்கு உறவினர் தனித்தனியே ஒட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. அச்சடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் அரங்கக் கதவில் இரண்டு தாள்களும் அருகருகே இருந்தன. தன்னுடையது அசிங்கமாக இருந்தால் கிழித்துவிடுவதாகச் சொல்லி சோர்னித்சா என்னுடன் வந்தாள். மெத்தோதியும் எதிர்ச்சாரியில் நின்றிருந்தார். காய்கறிப் பையோடு போன ஒரு பெண்மணி சட்டென்று நின்றார்.

"ஐயோ, போஜிதாரா!"

தெருவைக் கடந்து கதவருகே போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடக்கம் எந்தத் தேவாலயத்தில், எத்தனை மணிக்கு என்று மெத்தோதியின் தாளில் படித்தார். பின்னால் வந்த இருவரும் அப்படியே செய்தார்கள்.

மெத்தோதி எங்களிடம் வந்தார்.

"உன்னுது கூப்பிடுதும்மா. என்னுது கிட்டப் போனாத்தான் தெரியுது."

"உங்களுதுலதான் மாமா படிக்க முடியுது. சேவல்ல நேரம் போட்டா யாருக்கும் புரியாது."

அவர் கதவில் சிறகு விரித்து நின்ற 'ஜ'வைப் பார்த்தார். "பொம்மையத் தூக்கறப்ப அண்ணன் கை அப்படித்தான் போகும்" என்றார்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் இடம் போதவில்லை. மெத்தோதி ராய்னாவுக்குப் பக்கத்தில் நின்றார். மெத்தோதியின் கையில் அணைந்துபோன மெழுகுவர்த்தியை ராய்னா தன்னுடையதிலிருந்து ஏற்றிக் கொடுத்தார்.