அடுப்படியில் ஒட்டிய சுவரொட்டி

தொழிற்சங்கச் செயலாளர் வீட்டு அடுப்பு அவர் மனைவி கைக்குப் பற்றாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். முந்தின நாள்தான் அவர் அடுப்படிச் சுவரில் விழுந்த விரிசலை மறைக்க, மிச்சமிருந்த சுவரொட்டி ஒன்றை ஒட்டியிருந்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் எந்தத் தொழிலாளியும் உழைக்கக் கூடாது என்று அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது. அவளோ ஆலையில் எட்டு மணி நேரம் நின்று நூல் சுற்றிவிட்டு வந்தவள். தீக்குச்சி எரிந்தது, அடுப்பு ஏனென்று கேட்கவில்லை. துடைப்பம் நகரவில்லை. குடத்தைக் கவிழ்த்தாள், தண்ணீர் உள்ளேயே நின்றது. அதே குச்சியைச் செயலாளர் வைத்ததும் குப்பென்று பற்றிக்கொண்டது. பகலெல்லாம் அவர் சங்க அலுவலக நாற்காலியில் இருந்ததைச் சுவரொட்டி வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

அவருக்கு வந்ததே கோபம்! "அது ஆலைக்குப் போட்டது, வீட்டுக்கு இல்ல."

"அப்போ கிழிச்சுப் போடுங்க."

பன்னிரண்டு வருஷம் மேடை மேடையாக முழங்கிய வாசகம். கிழிக்க மனுஷனுக்குக் கை வருமா? சட்டியைத் தூக்கினார். முதல் வாரம் வாயில் வைக்க முடியவில்லை.

அவளுக்கு ரொம்ப நாளாக ஒரே ஆசைதான். நூல் சுற்றும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, நிறைமாதக்காரிக்குக்கூட. அதைச் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டும். கூட்டமோ ஆறு மணிக்கு, அவள் உலை வைக்கிற நேரம். இவரிடம் சொன்னால் "பேசிடறேன்" என்பார், போனதும் மறந்துவிடுவார். இப்போது கை சும்மா இருந்ததால் அவளே போனாள். நாற்காலி எல்லாவற்றிலும் ஆண்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "பரவால்ல, நிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான்," என்று ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் பேசினாள்.

சங்கம் அனுப்பிய மூன்று பேர் கமிட்டி வந்து அடுப்பைச் சோதித்து, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தது. தெருப் பெண்கள் ஆளுக்கொரு சுவரொட்டி வாங்கிப் போனார்கள். அந்த வீடுகளில் புருஷனும் ஆலைக்காரன் என்பதால் இருவர் கைக்குமே பற்றவில்லை. ஆகவே சங்கக் கட்டிடத்தின் பின்னால் பொது அடுப்படி வந்தது. அன்றன்று வேலை இல்லாதவர்கள், ஆணோ பெண்ணோ, சமைப்பது என்று தீர்மானம்.

ஸ்டூல் வர மூன்று வருஷமும் ஒரு வேலைநிறுத்தமும் ஆனது. இப்போதெல்லாம் செயலாளர் கூட்டத்துக்கு டீத்தூக்கோடு தாமதமாகத்தான் வருகிறார். "மன்னிக்கணும், அடுப்புல வேலை," என்பார். யாரும் சிரிப்பதில்லை. தலைமை தாங்கும் அவர் மனைவி ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உட்காருங்க, கால் வலிக்கும்," என்பாள்.