இடது பக்கக் கதவு

எனக்கு நாப்பத்தாறு வயசு. ரெண்டே கதவு வெச்ச, தரையோட தரையா போற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா என் வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அதுல ரெண்டு பேர்தானே உக்கார முடியும், மத்தவங்க எங்க உக்காருவோம்னு கேட்டாரு. அதுக்காகத்தான் அந்த வண்டியைப் பாக்கறேன்னேன். அதோட சிரிப்பு நின்னுச்சு.

பணம் என்னுது. இருபது வருஷமா ஆரணியில தறி வெச்சிருக்கறவங்ககிட்ட பட்டுப்பொடவ எடுத்து விக்கறேன். மொதல்ல பஸ் ஏறி ஊர் ஊரா போயி வித்தேன், இப்போ உக்காந்த எடத்துல போன்ல வீடியோ போட்டு விக்கறேன். அதுல சேத்தது அஞ்சு லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. அந்தக் காசுக்கு நான் ஆசைப்பட்ட வண்டி புதுசா வராது, அதோட சக்கரம் வேணா வரும். அதனால பழசுதான்.

ஒண்ணு சொல்லிடறேன். பழைய வண்டியில நான் ஏமாந்துட்டேன்னா, பணம் போறது கூடப் பெருசில்ல. என் தொழிலே அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கறது. ஒரு பொடவையில நெய்தவன் தூங்கி விழுந்த எடம் எதுன்னு நான் சொல்லிடுவேன். அப்படிப்பட்டவ கார்ல ஏமாந்தான்னு தெரிஞ்சா, எங்க தெருவுல நான் சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. வீட்டுக்காரர்தான் மொதல் ஆளா இருப்பாரு.

இந்த நெலமையிலதான் அந்த விளம்பரம் போன்ல வந்துச்சு. சந்தவாசல் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. விக்கறவர் பேரு ஜீவானந்தம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேக்டரியில சூப்பர்வைசர். போட்டோவுல வண்டி சும்மா ஜம்முனு இருந்துச்சு. வெல அஞ்சு லட்சம். அதே வண்டிக்கு வேலூர்ல ஏழுக்குக் கொறைஞ்சு பேசவே மாட்டேங்கறான். எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. நல்ல சரக்கை எவன் சும்மா தூக்கிக் குடுப்பான்.

போன் போட்டேன். ஏன் விக்கறீங்கன்னு கேட்டதுக்கு, ஓட்டறதுக்கு நேரமில்லீங்கன்னாரு. மறுநாள் என் வீட்டுக்காரரைப் பேசச் சொன்னேன். அவருகிட்ட இடுப்பு வலி, தாழ்வான வண்டியில ஏறி எறங்க முடியலன்னு சொல்லியிருக்காரு. மூணாவது தடவை அவரோட சம்சாரம் கனிமொழி போனை எடுத்தாங்க. அவங்க பாப்பாவுக்காகத்தான் விக்கறோம்னு ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள அவரு போனைப் புடுங்கிட்டாரு. ஒரு வண்டிக்கு மூணு காரணம். அதுவுமில்லாம இந்த மாசத்துக்குள்ள எடுத்துக்கினு போயிடணும்னு ஒரே ஜல்தி. நாலரைக்குக் கேட்டேன். கொஞ்சம்கூட இழுக்காம சரின்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

லாவண்யா, என் பொண்ணு, வண்டி நம்பரைப் போட்டுத் தேடிப் பாத்தா. கேஸ் இல்ல, லோன் இல்ல. மொதல் ஓனர் ஒரு ஜப்பான்காரர், ஜீவானந்தம் ரெண்டாவது. ஜீவானந்தத்தைக் கேட்டா, அந்தாளு இவரோட பேக்டரியில பெரிய அதிகாரியாம், ஊருக்குத் திரும்பறப்போ இவருக்குக் கம்மி வெலைக்குக் குடுத்தாராம். பேப்பரெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அதுவே எனக்குப் புடிக்கல.

வண்டியை எங்க பாக்கறதுன்னு கேட்டா, சந்தவாசல் பெட்ரோல் பங்க்குக்கு வந்துடுங்க, நானே எடுத்தாறேன்னாரு. ஏன், வீட்டுக்கு வந்தா இன்னா? வீட்ல நிக்கறப்போ பாக்காம நான் எடுக்க மாட்டேன்னு கறாரா சொல்லிட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில வாங்கன்னு வழி சொன்னாரு.

எங்க தெரு மெக்கானிக் பாலு பைக்ல என்னைக் கூட்டிக்கினு போனான். ஊருக்குள்ள போயி, பெரிய தெருவெல்லாம் தாண்டி, ஏரிக்கரை ஓரமா வீடு. புதுசா கட்டின காங்கிரீட் வீடு, பக்கத்துல ஷீட் போட்ட ஷெட்டு. அதுக்குள்ள வண்டி நின்னுச்சு. பாத்ததுமே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு கவனிச்சேன். இடது பக்கம் செவுத்தோட செவுரா ஒட்டி நின்னுச்சு. ஒரு கை போற அளவுக்குக் கூட சந்து விடல. ஷெட்டுல அந்தப் பக்கம் அவ்ளோ எடம் காலியா கெடக்குது.

ஜீவானந்தத்துக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அமைதியான ஆளு. இஞ்சினைப் பாருங்க, டயரைப் பாருங்கன்னு பாலுவை முன்னாடியே நிக்க வெச்சுப் பேசிகினு இருந்தாரு. பாலு பானட்டுக்குள்ள தலையை விட்டவன், வெளிய எடுத்து, இஞ்சின் தங்கம்க்கான்னான். சொந்தச் சித்தி பையன் மாதிரி வளந்தவன், ஆனாலும் அவனையும் ஒரு பார்வை பாத்தேன். கமிஷன் ஏதாவது வாங்கியிருப்பானோன்னு.

வண்டியை வெளிய வெயில்ல நிறுத்துங்கன்னேன். அவரு எடுத்து வெளிய வெச்சப்போ மறுபடியும் இடது பக்கத்தை வேப்பமரத்தோரம் வெச்சாரு. சுத்திக்கினு அந்தப் பக்கம் போனேன். போனதும் புடிச்சிட்டேன். கதவு வேற சிவப்பு. பாலு ரெண்டும் ஒண்ணுதானேன்னான். அவனுக்கு இன்னா தெரியும். ஒரே சாயத்தை ரெண்டு வேற நாள்ல காய்ச்சித் தோய்ச்ச நூலு மாதிரி, நூல் அளவு வித்தியாசம். மத்ததெல்லாம் பழைய சிவப்பு, கதவு மட்டும் புதுசா அடிச்சது.

அப்போ அடிபட்ட வண்டி. அதான் அந்த வெல, அதான் அந்த அவசரம். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. எதுல மோதினீங்கன்னு நேரா கேட்டேன். எதுலயும் மோதலீங்கன்னாரு. யார் மேலயாவது ஏத்திட்டீங்களா, ஆளு இருக்கா, போயிடுச்சான்னு கேட்டேன். வண்டியால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலீங்க, சத்தியமான்னாரு. சத்தியம்னு சொன்னதும் எனக்கு இன்னும் சந்தேகம் அதிகமாச்சு. பொடவைக்காரன் சத்தியம் பண்ணான்னா அன்னிக்கு ஜரிகையில ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.

அப்பதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஊர்ல நீங்க எந்தத் தெரு?"

தெரிஞ்சவங்க யாராவது இருந்தா விசாரிக்கலாம்னு கேட்டேன்னு சொல்லிக்கலாம். அதுக்கில்ல. எதுக்குக் கேட்டேன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெரிய தெருவைத் தாண்டி வந்தப்பவே பாதி புரிஞ்சிடுச்சு, மீதியை அவரு வாயாலயே கேட்டுக்கணும்னு இருந்துச்சு. காலனிங்கன்னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு. என் மனசு ஒடனே ஒண்ணு சொல்லுச்சு பாருங்க, அதை இப்ப நெனைச்சாலும் கூசுது. காலனி ஆளுக்கு இந்த மாதிரி வண்டி ஏது, இதுல ஏதோ இருக்குதுன்னு சொல்லுச்சு. ஆர்.சி. புக்கு என் கையிலயே இருக்குது, அதையும் மீறிச் சொல்லுச்சு.

கதவுகிட்ட குனிஞ்சேன். நெசவு வீட்ல பொடவையை நான் கண்ணால பாக்கறது பாதிதான். கண்ணை மூடிக்கினு, திருப்பிப் போட்டு, விரலால தடவுவேன். இழை அறுந்து முடிச்சுப் போட்ட எடம் கடுகளவு இருந்தாலும் விரலுக்கு வந்துடும். அதே மாதிரி கதவைத் தடவினேன். எங்க ஒடுக்கு எடுத்திருக்கான், எங்க பட்டி பாத்திருக்கான்னு கண்டுபுடிச்சு, அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்லணும், அவ்ளோதான் எனக்கு.

ஒடுக்கு இல்ல. கீறல் இருந்துச்சு. பெயிண்டுக்கு அடியில, ஆழமா. கண்ணுக்குச் சுத்தமா தெரியல. பிடிச்சிட்டேன்டான்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். கோடு மேலேர்ந்து நேரா எறங்குச்சு. எறங்கி, வலது பக்கமா திரும்புச்சு. திரும்பி, மறுபடியும் நேரா மேல ஏறுச்சு. மோதின கீறல் இப்படித் திரும்பித் திரும்பிப் போவாது. கையைப் பக்கத்துல நகத்தினேன். அங்க ஒரு சுழி. அதுக்கப்புறம் இன்னொண்ணு. நாலு எழுத்து. ஆணியாலயோ எதாலயோ, அழுத்தி அழுத்தி, நின்னு நிதானமா எழுதியிருக்கான்.

நாலாவது எழுத்து வரைக்கும் தடவிட்டுத்தான் கையை எடுத்தேன். எனக்குத் தெரியாத வார்த்தை இல்ல. எங்க வீட்ல யாரையாவது திட்டணும்னா வாயில தானா வந்து விழற சாதிப் பேரு. நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். விரலால அதைத் தொட்டது அன்னிக்குத்தான்.

நிமிந்தா, ஜீவானந்தம் என்னைப் பாக்கல, மரத்தைப் பாத்துகினு நின்னாரு. பாலுவை டீ குடிச்சிட்டு வாடான்னு அனுப்பிட்டேன். கேக்கலாமா வேணாமான்னு தெரியாம, யாருன்னு மட்டும் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமா சொன்னாரு. வண்டி வாங்கின மொத வாரம், பெரிய தெரு வழியா ஓட்டிக்கினு போயி கோயிலாண்ட நிறுத்தியிருக்காரு. திரும்பி வந்து பாத்தா கதவு இப்படி. யாருன்னு தெரியுமாம். கூடப் படிச்சவன்தானாம். ரெண்டு தடவை பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சாராம், கண்ணுக்கு மறைஞ்சாலும் காய்ஞ்சதும் கோட்டுல உள்ள எறங்கி விரல்ல தட்டுப்படுதாம். கதவையே மாத்தலாம்னா வெளிநாட்டுலேர்ந்து வரணும், வண்டி வெலையில பாதி ஆவும்னு சொன்னாங்களாம். கேஸ் குடுக்கலையான்னேன். குடுத்தா அந்த வார்த்தையை ஊரே நின்னு படிக்குங்க, அதுக்கு இது மேல்னாரு.

ஏன் இப்ப விக்கறீங்க, ரெண்டு வருஷமா வெச்சிருந்தீங்களேன்னு கேட்டேன். அவரு குரல் அப்பதான் கொஞ்சம் எறங்குச்சு.

"பாப்பா ஒண்ணாவது படிக்குதுங்க. இப்பதான் எழுத்து கூட்டுது. கண்ல படற போர்டு, பிஸ்கட் கவர், ஒண்ணு விடறதில்ல. ரெண்டு வாரம் முன்னாடி கதவைத் தடவிக்கினே ஓடி வந்து, அப்பா, கார்ல எழுத்து இருக்குதுன்னுச்சு. மொதல் எழுத்து படிச்சிடுச்சுங்க. அடுத்தது கொம்பு வெச்ச எழுத்து. அதை மிஸ் அடுத்த மாசம்தான் நடத்துவாங்களாம்."

இவ்ளோ நாளா இந்த மனுசனைத் திருடன், கொலைகாரன்னு மனசுக்குள்ள நெனைச்சு நெனைச்சு ரசிச்சிருக்கேன். அவமானமா இருந்துச்சு. அவசர அவசரமா, நீங்க கேட்ட அஞ்சையே குடுத்துடறேன்னேன். அவரு தலையை ஆட்டினாரு. பேசினது நாலரைதாங்க, அதையே குடுங்க, மேல குடுத்தா நான் வாங்க மாட்டேன்னாரு. அதுல கோவம் இல்ல. ஆனா எனக்குச் சரியா ஒறைச்சுது.

போன்லயே பணம் அனுப்பினேன். பேப்பர்ல கையெழுத்துப் போட்டோம். கனிமொழி காபி கொண்டாந்து குடுத்தாங்க, குடிச்சேன். பாலு பைக்ல முன்னாடி கெளம்பிட்டான். சாவியை வாங்கிக்கினு நான் வண்டிகிட்ட வந்தப்போ, வீட்டுக்குள்ளேர்ந்து அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. ரெட்டை சடை, முன்பல் ரெண்டு இல்ல. அதுவரைக்கும் அவங்கம்மா உள்ளயே புடிச்சு வெச்சிருந்தாங்க போல. வண்டி போவுதா, வண்டி போவுதான்னு கேட்டுகினே நேரா இடது பக்கம் வந்துச்சு.

நான் யோசிக்கல. போயி கதவு மேல முதுகை வெச்சு சாஞ்சுகினு நின்னுட்டேன்.

பேரு கேட்டேன். கண்ணகின்னுச்சு. தள்ளுங்க ஆன்ட்டி, அதுல எழுத்து இருக்குது, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுச்சு. ஜீவானந்தம் என் மூஞ்சியவே பாத்தாரு. கனிமொழி வாசப்படியில நின்னுகினு பாத்தாங்க. எழுத்தெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, அது வண்டி செஞ்ச கம்பெனியோட பேருன்னு சொன்னேன்.

அது விடல. கம்பெனி பேரு முன்னாடி இங்கிலீஷ்ல போட்டிருக்குதே, இது தமிழ் எழுத்துன்னுச்சு. அப்போ இது வண்டியோட செல்லப் பேருன்னேன். செல்லப் பேர் இன்னான்னு கேட்டுச்சு.

இருபது வருஷமா அடுத்தவங்க பொய்யைப் புடிச்சவளுக்கு, ஒண்ணாவது படிக்கற குழந்தைகிட்ட ஒரு பொய்யை முழுசா சொல்லத் தெரியல. வாயைத் தொறந்தேன், ஒரு பேரும் வரல. அது தலையைச் சாச்சு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. என் முதுகைப் பாத்துச்சு, கதவைப் பாத்துச்சு. அப்புறம் அவங்கப்பா கையைப் புடிச்சுகினு மெல்லமா கேட்டுச்சு.

"அப்பா, இவங்க ஏம்ப்பா மறைக்கறாங்க?"