பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது

மணப்பெண்ணின் அப்பாவுக்கு வாய்தான் மூலதனம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தினால்தான் பிழைப்பு ஓடும். அப்படிப்பட்டவர், மகளின் கல்யாணத்தன்று காலை, புதுச் சட்டையில் தொங்கிய விலை அட்டையின் நைலான் நூலை முன்பல்லால் கடித்து இழுத்தார். நூல் அசையவில்லை. பல்லுக்குப் போட்டிருந்த கேப் கழன்று கையோடு வந்தது.

கண்ணாடியில் பார்த்தார். வாயைத் திறந்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் வாசலில் நின்று முந்நூறு பேரை வரவேற்க வேண்டும்.

மண்டபத்தில் இருந்த ஒரே பல் டாக்டர் அவருடைய தங்கை. அவளோடு அவர் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை தேடிக்கொண்டாள் என்று கோபித்துக்கொண்டு அவள் கல்யாணத்துக்கே போகாதவர். அவள் கணவரை இன்றுவரை "அந்தாளு" என்றுதான் சொல்வார். "அத்தை வந்தாத்தான் மேடை ஏறுவேன்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால் இருவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போதும் மகள்தான் அத்தையைக் கையைப் பிடித்து அறைக்கு இழுத்து வந்தாள். தங்கை தன் கணவரைப் பக்கத்துத் தெருவில் இருந்த கிளினிக்குக்கு விரட்டினாள். அவர் மூச்சிரைக்க ஓடிப்போய், பல் ஒட்டும் பசையும் கையுறையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மரியாதையாக வெளியே போய் நின்றார்.

"வாயைத் திற."

திறந்தார். இரண்டு பக்கமும் பஞ்சைத் திணித்தாள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தாள்.

"என் கல்யாணத்துக்கு ஏன் வரலை?"

"ஆ... அ..."

"பேசாதே, எச்சில் படும். அன்னிக்குப் பூரா வாசலையே பாத்துட்டு நின்னேன், தெரியுமா? என்னைப் படிக்க வச்சது நீ. உன்கிட்ட கேக்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக எட்டிக்கூடப் பாக்க மாட்டியா?"

ஒன்பது வருடமாக அவர் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எக்கச்சக்கம். ஒன்றையும் சொல்ல வழியில்லை. பதில் பேசாமல் கேட்டுத் தொலைத்ததில்தான் அவள் பக்கத்து நியாயம் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நல்லாக் கடிச்சுக்கோ. பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா விழுந்துடும்."

வெளியே வந்ததும் புகைப்படக்காரர் பிடித்துக்கொண்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் மேடைக்கு வாங்க!" எல்லாரும் ஏறினார்கள். தங்கையும் தயங்கித் தயங்கி ஏறினாள். அவள் கணவர் மட்டும் இது நமக்கில்லை என்பதுபோல் சுவரோரம் நகர்ந்துகொண்டார். அதைப் பார்த்ததும் மணப்பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தான் கூப்பிடாவிட்டால் அந்த மனிதர் வர மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"மாப்ளே! அங்க என்ன நிக்கறீங்க? எம் பக்கத்துல வாங்க!"

பயிற்சி வண்டியில் கத்துகிற அதே குரல். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கேப் தெறித்து மேடையில் உருண்டது. சுவரோரம் நின்ற அந்த மாப்பிள்ளை ஓடிவந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"அண்ணா! பத்து நிமிஷம்னு சொன்னேன்ல?"

"ஒம்போது வருஷம் வாயை மூடிட்டு இருந்தது போதாதா?" என்றார் அவர், பல் போன இடத்தில் காற்று சீட்டியடிக்க.